பிரெத்தாஞ் எங்கே இருக்கிறது?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஷிப்டு, வீடு, மழைக்காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் சாலை என்று நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு எழுதப் போவது ஊர்ப் பெயர்களைப் பற்றி. அதிலும் பிரான்ஸ் நாட்டு ஊர்ப் பெயர்களைப் பற்றி. "உனக்கும் பிரான்சுக்கும் என்னய்யா சம்பந்தம்"னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. ஒரே ஒரு பெயரைத் தப்பாக எழுதி ஆறு பேர் சம்பளத்தில் மண்ணைப் போட்டவன் நான்.

ஒரகடம் கூட்ரோடு பலருக்குத் தெரிந்திருக்கும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகிற சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் ஓர் ஆலையில் சில வருஷங்கள் வேலை பார்த்தேன். ஒருமுறை பிரான்சிலிருந்து பழைய மோல்டு ஒன்று வந்தது. அதோடு அதன் ஹிஸ்டரி கார்டும் வந்தது. எப்போது செய்தது, எத்தனை ஷாட் அடித்தது, எந்த பாகம் மாற்றியது என்று எல்லாம் அந்தக் கார்டில் இருக்கும். முழுக்க பிரெஞ்சில். இரண்டு லெவல் பிரெஞ்சு படித்தவன் என்ற ஒரே தகுதியில் அதை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மோல்டு செய்த பட்டறையின் பெயர் எண்ணெய் பட்டு அழிந்திருந்தது. மாநிலத்தின் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'பிரெத்தாஞ்'. நான் அகராதியைக்கூடப் புரட்டாமல் 'பிரிட்டன்' என்று எழுதிவிட்டேன். பார்த்தால் அப்படித்தானே இருக்கு!

எட்டு மாதம் கழித்து மோல்டின் ஹாட் ரன்னரில் ஒரு பாகம் போய்விட்டது. செய்த பட்டறையில்தான் வாங்க வேண்டும். பர்ச்சேஸ் ஆட்கள் கார்டைப் பார்த்து இங்கிலாந்தில் தேடினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். லைன் நின்றது. அந்த லைனில் இருந்த ஆறு கான்ட்ராக்ட் பையன்களை "வேலை வந்தா சொல்றேன்" என்று காண்ட்ராக்டர் அனுப்பிவிட்டார். அதில் சேரப்பனஞ்சேரிப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டில் என்னைப் பார்த்துக் கேட்டான்: "பிரிட்டன்னா லண்டன்தானே அண்ணா, அவ்ளோ பெரிய ஊர்ல ஒரு சாமான் கிடைக்கலையா?"

ஏழாம் நாள் வேறு வேலையாக வந்த ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் மூலக் கார்டை எதேச்சையாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க ஊர்ப் பக்கம்" என்றார். அவர் ரென் நகரத்துக்காரர். ரென் இருப்பது பிரெத்தாஞ்சில். பிரான்சின் வடமேற்கு மூலை, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் பிரிட்டனி. நான் விட்டது ஒரே ஒரு 'இ'. இரண்டு போன் பேசினார், பட்டறை கிடைத்துவிட்டது. ஒன்பதாம் நாள் லைன் ஓடியது. பையன்களின் ஒன்பது நாள் கூலி போனது போனதுதான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

பிரிட்டனும் பிரிட்டனியும் ஒன்று போல இருப்பது தற்செயல் இல்லை. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் சாக்சன்கள் வந்து நெருக்கிய காலத்தில், பிரிட்டன் தீவிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கால்வாயைத் தாண்டி அர்மோரிக்கா என்ற பகுதியில் குடியேறினார்கள். தங்கள் ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். பிறகு எது எந்த பிரித்தானியா என்று குழப்பம். லத்தீனில் எழுதியவர்கள் தீவைப் பெரிய பிரித்தானியா என்றும், புது இடத்தைச் சின்ன பிரித்தானியா என்றும் பிரித்தார்கள். 'கிரேட் பிரிட்டன்' என்பதில் உள்ள கிரேட் இப்படி வந்ததுதான். வல்லரசுப் பெருமை எல்லாம் பின்னால் ஏறிக்கொண்டது. நம்ம ஊரில் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் சொல்கிற மாதிரிதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் இங்கிலாந்துத் தீவை 'கிராந்த் பிரெத்தாஞ்' என்கிறார்கள். அடைமொழி இல்லாமல் வெறும் பிரெத்தாஞ் என்றால் அது அவர்கள் சொந்த மாநிலம். அடைமொழியைக் கவனித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

சரி, ஆங்கிலத்தில் ஏன் தனிப் பெயர்? இங்கேதான் சரித்திரம் வருகிறது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். 1154-ல் அரசனான இரண்டாம் ஹென்றியின் மனைவி எலினோர் வழியாக அக்கித்தேன் பகுதி இங்கிலாந்து அரசர்கள் கைக்கு வந்தது. 1453-ல் காஸ்தியோன் போரில் தோற்கும்வரை தென்மேற்கு பிரான்சோடு அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல், சண்டை சச்சரவு எல்லாம் உண்டு. அப்படிப் புழங்கிய இடங்களின் பெயர்கள் ஆங்கில வாய்க்குள் போய் ஆங்கிலச் சொற்களாகவே ஆகிவிட்டன. நொர்மாந்தி நார்மண்டி ஆனது. கஸ்கோஞ் காஸ்கனி ஆனது. பிக்கார்தி பிகார்டி, பூர்கோஞ் பர்கண்டி. உள்நாட்டில் தள்ளி இருந்த ஒவெர்ஞ், லிமுசேன், பிராஞ்ச்-கோந்தே போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே இல்லை. பிரெஞ்சு எழுத்தை அப்படியே எழுதுகிறார்கள்.

இதை ஒரு சூத்திரமாக்கி நண்பர் ஒருவரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் அமைதியாக "அப்போ ஆன்ஷு, புவாத்து?" என்று கேட்டார். இரண்டும் இங்கிலாந்து அரசர்கள் ஆண்ட பகுதிகள்தான், ஆனால் ஆங்கிலத்தில் தனிப் பெயர் கிடையாது. ஷாம்பாஞ்சும் அப்படியே. லத்தீன் பிரித்தானியா பிரிட்டனி ஆனது, வஸ்கோனியா காஸ்கனி ஆனது, கம்பானியாவிலிருந்து வந்தது மட்டும் 'ஷாம்பனி' ஆகவில்லை. சூத்திரம் எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பெயர்கள் கணக்கு வாத்தியார் சொல்படி நடப்பதில்லை.

நடைமுறைக்கு இப்போது நான் வைத்திருக்கும் வழி இதுதான். பழைய நாட்டைச் சொல்கிறோமா, இன்றைய நிர்வாகப் பிரிவைச் சொல்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையடியில் சவாய் என்று ஒரு பழைய ஆட்சிப் பகுதி உண்டு, ஆங்கிலத்தில் சவாய் என்றே எழுதலாம். ஆனால் அதே இடத்தில் இன்றைக்கு இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன, சவ்வா என்றும் ஒத்-சவ்வா என்றும். தபால் விலாசத்தில் அவற்றை ஆங்கிலப்படுத்தினால் தப்பு. தொண்டைமண்டலம் என்று கட்டுரையில் எழுதலாம், கூரியர் கவரில் எழுத முடியுமா? போதாக்குறைக்கு 2016 ஜனவரியில் பிரான்ஸ் தன் 22 மண்டலங்களை இணைத்து 13 ஆக்கிவிட்டது. பிகார்டி என்ற மண்டலம் இப்போது நிர்வாகத்தில் இல்லை, 'ஓ-தெ-பிரான்ஸ்' என்பதற்குள் போய்விட்டது. இந்த மாதிரிப் புதுப் பெயரை ஆங்கிலத்திலும் பிரெஞ்சாகவே எழுதுகிறார்கள். பழைய ஆவணத்தில் பிகார்டி என்று இருந்தால் அதைத் திருத்தக் கூடாது. இன்றைய விலாசத்தில் அதை எழுதவும் கூடாது.

காலம் மாறினால் இடமே மாறிப்போகும் பெயர்களும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஈல்-தெ-பிரான்ஸ்'. பிரான்ஸின் தீவு என்று அர்த்தம். இன்றைக்கு அது பாரிசைச் சுற்றியுள்ள மண்டலம், சுற்றிக் கடலே கிடையாது. ஆனால் நம் சென்னைப் பட்டணத்தின் கதையில் அதே பெயர் வந்தால் பாரிஸ் என்று நினைத்துவிடாதீங்க. 1746 செப்டம்பரில் லபூர்தொனே கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தாரே, அவர் 'ஈல்-தெ-பிரான்ஸ்' கவர்னர். அந்தத் தீவு மொரிஷியஸ்! 1715 முதல் 1810-ல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை மொரிஷியசுக்குப் பெயர் அதுதான். அங்கே போர்ட் லூயி நகரத்தைக் கட்ட லபூர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். பெயரை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் அந்தத் தமிழர்களை எல்லாம் பாரிசுக்கு அனுப்பிவைத்துவிடுவோம்.

இன்னொரு வேடிக்கை, லபூர்தொனே பிறந்த ஊர் சேன்-மாலோ. அது எங்கே இருக்கு? பிரெத்தாஞ்சில்! என் கார்டில் இருந்த அதே மாநிலம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புதுச்சேரிக்குக் கிளம்பிய துறைமுகமும் அங்கேதான் இருக்கு. அந்த ஊரின் பெயர் லோரியான், 'கிழக்கு' என்று பொருள். அவர்கள் பார்த்த கிழக்கில் நாமும்தான் இருந்தோம். கிழக்கோடு வியாபாரம் செய்யக் கட்டிய ஊருக்குக் கிழக்கையே பெயராக வைத்துவிட்டார்கள். அந்த மாநிலத்தின் பெயரைத்தான் நான் பிரிட்டன் என்று எழுதினேன். சரித்திரம் படித்தவன் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? :-(

பிடித்த சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் திருப்பிக் கொடுத்தது 1748 உடன்படிக்கைப்படி. பள்ளிப் புத்தகத்தில் 'அய்-லா-சபேல்' என்று மனப்பாடம் செய்திருப்போம். எங்கேயோ பிரான்சில் என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். அது ஜெர்மனியில் உள்ள ஆகன் நகரம். ஜெர்மன் ஊர், பிரெஞ்சுப் பெயர், அது ஆங்கிலப் புத்தகம் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. ஊரின் சொந்தப் பெயர் வழியிலேயே தொலைந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் நம் பெயர்களை ஒழுங்காக எழுதினார்களா என்று கேட்டால், எழுதினார்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் காதுக்கு ஒழுங்காக. புதுச்சேரி போகிறவர்கள் 'அவுல்காரெட்' நகராட்சி என்று ஆங்கிலப் பலகையைப் படித்துவிட்டு இது என்ன ஊர் என்று முழிப்பார்கள். அது உழவர்கரை. பிரெஞ்சில் ஓ, யூ சேர்ந்து வந்தால் 'உ'. கடைசியில் வரும் டி-க்குச் சத்தம் கிடையாது. அந்த விதிப்படி படித்தால் 'உல்கரே' என்று வரும். ழகரம் போய்விட்டது, ஆனாலும் கிட்டத்தட்ட நம்ம ஊர்தான். பாகூர், வில்லியனூர் பலகைகளும் இதே கதை. பிரெஞ்சுக்காரன் காதால் கேட்டு எழுதியதை நாம் ஆங்கிலக்காரன் வாயால் படிக்கிறோம். கோளாறு எழுத்தில் இல்லை.

கடலூரைப் பாருங்க. ஆங்கிலேயர் 'கட்டலூர்' என்று படிக்கும்படி எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'கூதலூர்' என்று படிக்கும்படி எழுதினார்கள். ஊரின் பழைய பெயர் கூடலூர் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த 'கூ'வைப் பிரெஞ்சுக்காரன்தான் பத்திரமாக வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய எழுத்துக்கூட்டல்களைத் தப்பு என்று தூக்கி எறிகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அந்த ஊரை யார், எந்தக் காதால் கேட்டான் என்பதற்கு அதுதான் சாட்சி.

இதே அரைகுறைக் கேள்வி நம் தொழிற்சாலை வட்டாரத்திலும் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ல் ஒரு கண்ணாடி ஆலை வந்தது. ஷேர் ஆட்டோக்காரரிலிருந்து மேனேஜர் வரை 'செயின்ட் கோபெய்ன்' என்போம். பிரெஞ்சு வாயில் 'சேன் கொபேன்'. கம்பெனிப் பெயராகவே நமக்குத் தெரிந்த அது உண்மையில் ஒரு கிராமத்தின் பெயர், பழைய பிகார்டியில் இருக்கிறது. பதினான்காம் லூயி காலத்தில் 1665-ல் பாரிசில் கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி செய்தது அதுதான். 1692-ல் அந்தக் கிராமத்தில் உலை வைத்தார்கள், ஊர்ப் பெயர் கம்பெனிக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு துறவி என்பது ஐதீகம். ஐரிஷ் பெயர், பிரெஞ்சு எழுத்து, ஆங்கில உச்சரிப்பு, சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் தமிழ் நாக்கு. இத்தனை கை மாறிய பெயரை 'செயின்ட் கோபெய்ன்' என்று சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். பேச்சில் சொல்வதற்கும் ஆவணத்தில் எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு.

நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு தகராறு இருக்கே. பெரும்புதூரா, பெரும்பூதூரா? அரசுப் பலகைகளில் 'புதூர்'. குறில். புது ஊர் என்று பொருள் வரும். வைணவர்கள் பலர் 'பூதூர்' என்று நெடிலில் எழுதுவார்கள். சிவனின் பூதகணங்கள் சாபம் நீங்க இங்கே வந்து தவம் செய்தன, அதனால் பூதபுரி என்பது தலபுராணம். ராமானுஜர் அவதரித்த ஊருக்கு அந்தப் பெயரைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் குறிலும் நெடிலும் ஒரே 'யூ'வில் அடங்கிவிடும், தகராறு தெரியாது. ஒரு வகையில் சமாதானம்தான்!

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது ஞாபகம் இருக்கா? நோக்கம் நல்லதுதான். ஆனால் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதியிருந்தார்கள். ஈ இரண்டு போட்டால் ஆங்கிலத்தில் 'ஏ' ஆகாது என்று யாரும் சொல்லவில்லை போல. ஊரே சிரித்தது, சில நாட்களில் ஆணையை வாபஸ் வாங்கினார்கள். உழவர்கரைக் கதையேதான், தலைகீழாக. நம் சத்தத்தை இன்னொருத்தன் எழுத்தில் எழுதும்போது அவன் எப்படிப் படிப்பான் என்று பார்க்காமல் எழுதினால் இதுதான் நடக்கும்.

தமிழில் எழுதும்போது நமக்கு ஒரு வசதி இருப்பதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். பிரெத்தாஞ், பூர்கோஞ், கஸ்கோஞ், ஷாம்பாஞ் எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே ஒலி வருகிறது. பிரெஞ்சில் ஜி, என் என்று இரண்டு எழுத்து சேர்த்து அதை எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குத் தனி எழுத்து இல்லை. நமக்கு இருக்கு: ஞ். ஞாயிறு, ஞானம் என்று தினம் புழங்குகிற ஒலி. புதுச்சேரிக்காரர்கள் இந்த விஷயத்தில் கில்லாடிகள். டுமாஸ் என்று நாம் படிக்கும் தெருவை அவர்கள் 'துய்மா வீதி' என்று காதால் கேட்டு எழுதினார்கள். ஆங்கிலம் வழியாக வந்த நமக்கு பர்கண்டி, ஷாம்பெய்ன்.

ஆங்கிலக் கட்டுரையில் பிரிட்டனி, பர்கண்டி என்று எழுதுவது முழுக்கச் சரி, அவை ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். தமிழில் எழுதும்போது ஆங்கிலக்காரனின் பழைய உறவை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ரொம்பப் பழகிவிட்ட நார்மண்டியை விட்டுவிடுவேன். பிரிட்டனி மட்டும் எனக்கு ஆகாது, அனுபவப்பட்டவன்.

அந்த மோல்டின் கார்டை மறுபடி எழுதினேன். ஆங்கிலத்தில் பிரிட்டனி, அடைப்புக்குள் பிரான்ஸ். அதன் கீழே யாரும் கேட்காமலே தமிழிலும் எழுதிவைத்தேன். போன ஆறு பேரில் நாலு பேர்தான் திரும்பி வந்தார்கள். ஒருநாள் ஆடிட்டுக்கு வந்த தர ஆய்வாளர் பிரெஞ்சு மூலத்தைப் பார்த்து 'பிரெடேக்னே' என்று படித்தார். பக்கத்தில் நின்ற சேரப்பனஞ்சேரிப் பையன், கார்டின் அடியில் இருந்த தமிழைப் பார்த்து, "பிரெத்தாஞ் சார்" என்றான்.